அக்காவின் சரிவும் பறிக்காத பூக்களும்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு சுற்று மழையும் ஒரு சுற்று வெயிலும் முடிந்துவிட்டன. முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் முன்பக்கத்துப் படத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அது அடையாள அட்டைக்காக எடுத்த படம். அதில் அக்கா யாரோ தன்மேல் கோபப்பட்டதுபோல் இருக்கிறார். அலுமாரியைக் குடைந்து தேடியதில் கிடைத்த மற்றப் படங்களில் எல்லாம் அக்கா குனிந்தே இருக்கிறார். ஒன்றில் தொட்டிலுக்கு மேல், மிச்சத்தில் செடிகளுக்கு மேல். முதுகைப் போட்டு நினைவு மலர் அடித்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கென்னவோ அந்த முதுகுதான் அக்கா.

அக்கா கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் பிறந்தவர். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கொழுந்து எடுத்தார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். எங்களுக்குப் பிறகு ஒரு தம்பி வரவேண்டியிருந்தது. அம்மாவுக்கு வலி கண்டு, தோட்டத்து லொறி வந்து, கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இரண்டு பேரும் போய்விட்டார்கள். எனக்கு அது நினைவில்லை. அன்றிலிருந்து என் தலையை வாரிவிட்டது, சோறு ஊட்டியது, நான் பெரியவளானபோது பக்கத்தில் இருந்தது எல்லாம் அக்காதான். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் அக்கா என்று எழுதும் இடங்களில் பாதி அம்மாவும் இருக்கிறார்.

அந்த லொறிப் பயணத்தைப் பற்றி அக்கா ஒருநாளும் எங்களிடம் பேசியதில்லை. ஆனால் படித்து முடித்ததும் வேறு எந்த வேலைக்கும் மனுப் போடாமல் மருத்துவிச்சியாகப் பயிற்சிக்குப் போனார். பிறகு ஓய்வு பெறும்வரை தோட்டம் தோட்டமாக நடந்தார். தோட்டங்களில் மருத்துவிச்சியை மிஸ்ஸி என்பார்கள், லயங்களில் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி. திகனவிலிருந்து கம்பளை வரை எந்த பஸ்ஸில் ஏறினாலும் யாராவது எழுந்து, "மிஸ்ஸி, ஒக்காருங்க, நீங்க எடுத்த புள்ளதான் நான்" என்பார்கள். அக்கா அவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், தொப்புள் சரியாக ஆறியதா என்று கேட்பார். கல்யாணத்துக்கு நிற்கும் பையனிடம் கேட்கிற கேள்வியா அது என்று நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அப்படி நடந்த நடையில்தான் அக்காவுக்குச் செடிகள் பழக்கமாயின. தேயிலை மலையில் களை என்றால் மருந்து அடித்துவிடுவார்கள். ஆனாலும் தண்ணீர் வடியும் கான்களின் விளிம்பிலும் கல் இடுக்கிலும், மருந்துத் தாங்கியோடு ஆள் ஏற முடியாத இடங்களில் சில செடிகள் தப்பித்துக்கொள்ளும். தும்பை, துத்தி, மஞ்சளாகப் பூக்கும் கிலுகிலுப்பை, ஊதாப் பூவோடு போவிட்டியா, வாசத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்கக்கூடிய காட்டுமல்லிகை. வேலைப் பையில், சுத்தமான பஞ்சுக்கும் கத்தரிக்கும் பக்கத்தில், அக்கா அவற்றின் விதைகளை மடித்து வைத்திருப்பார். எதற்கு என்று கேட்டால், "தேயிலைக்கு முந்தியே இந்த மலையில இருந்ததுங்க. இப்ப கல்லுக்குள்ள ஒண்டிக்கிட்டுக் கெடக்குதுங்க, பாவம்" என்பார். அதற்கு மேல் அப்போது அவரிடமும் விளக்கம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் கலஹா வீதியை ஒட்டி, ஒரு பழைய மலையின் அடிவாரத்தில் வீடும் கொஞ்சம் நிலமும் வாங்கினோம். அக்கா, நான், என் வீட்டுக்காரர் என்று மூவர். வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு. ஒரு காலத்தில் தேயிலை இருந்து, கைவிடப்பட்டு, மானாப்புல் ஏறிய இடம். எங்களுக்குக் கீழே இன்னும் சில வீடுகள். முதல் வீடு பிலோமினா மாமியுடையது. வயதில் என்னைவிட இளையவர், ஆனாலும் அந்தப் பாதைக்கே அவர் மாமி. கோயிலில் மாதாவுக்குப் பூ அலங்காரம் செய்யும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. அவர் சொல்லாமல் ஒரு மெழுகுதிரிகூட எரியாது.

வந்த இரண்டாம் வருடம் மழை விடாமல் பிடித்தது. ஒரு காலையில், பெரிய மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் பின்பக்கம் ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் சரிவின் நடுப்பகுதி இல்லை. பச்சையாக இருந்த இடத்தில் சிவப்பு மண் ஈரமாகப் பளபளத்தது. யாருக்கும் அடிபடவில்லை. பார்க்க வந்த உத்தியோகத்தர்கள் மேலே தண்ணீர் வடியக் கான் வெட்டச் சொன்னார்கள், வெட்டினோம். மதில் கட்டு, மூங்கில் வை, விற்றுவிட்டு ஊருக்குள் போ என்று ஆளுக்கொரு யோசனை வந்தது. அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"துணி இல்லாமக் கெடக்கு. மொதல்ல போத்தணும்" என்றார்.

போர்த்தும் வேலை அன்றே தொடங்கியது. குறுக்கு வரிசைகளில் வெட்டிவேர் நட்டார். அதற்கு இடையில் பையில் சேர்த்திருந்த விதைகள். நாவலும் வேங்கையும் கன்றுகளாகக் கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் வந்தன. மரம் வேர் பிடிக்க வருடங்கள் ஆகும், அதுவரை மண்ணைப் பிடித்திருக்கச் சிறுசெடிகள் வேண்டும், அவை வருடா வருடம் தாமாகவே விதைத்து முளைக்க வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. விதை வேண்டுமென்றால் பூ காயாக வேண்டும். பூ காயாக வேண்டுமென்றால் தேனீயும் வண்டும் வரவேண்டும். எங்களைச் சுற்றி எங்கும் தேயிலை. தேயிலையை யாரும் பூக்க விடுவதில்லை, கொழுந்துதானே வேண்டும். எனவே மலை முழுக்கப் பச்சையாக இருந்தும் பூச்சிகளுக்கு அங்கே பட்டினிதான். அதிலும் மழை ஓய்ந்த ஆவணியில், பெரஹரா ஊர்வலம் முடிந்து கண்டி வீதியில் சனம் குறையும் நாட்களில், தோட்டப் பக்கம் ஒரு பூவைக் காண்பது அரிது. அக்காவின் சரிவு அந்த நாட்களில் பூக்கத் தொடங்கியது.

அந்த ஆவணிக் காலைகள் எனக்கு இன்னும் நிஜம்போல் தோன்றுவதில்லை. பனி கீழே பள்ளத்தில் தங்கியிருக்கும். வெயில் முதலில் சரிவின் உச்சியைத் தொட்டு மெல்ல இறங்கும். அது இறங்க இறங்கத் தேனீக்களின் சத்தமும் இறங்கும். பக்கத்து வீட்டில் ஜெபமாலை சொல்வதுபோல், சொற்கள் புரியாத ஒரு முணுமுணுப்பு. போவிட்டியாப் பூவில் கருவண்டு வந்து தொங்கிக்கொண்டு உறுமும். அந்த உறுமலுக்குத்தான் பூ தன் மகரந்தப் பொடியை விடும், சும்மா வந்து உட்காருகிற ஈக்கு விடாது. அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையைப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்திருப்பார். கோப்பை ஆறிப்போகும். நான் கூப்பிட்டால் எங்கிருந்தோ திரும்பி வருவதுபோல் என்னைப் பார்ப்பார். மொட்டு வைத்த செடியைக் காட்டி, "மாசமா இருக்கு, மெதுவாப் பேசு" என்பார். வேடிக்கைதான். ஆனால் நாங்கள் மெதுவாகத்தான் பேசினோம்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடந்தது. நானும் அங்கேயே தங்கினேன், என் வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டு வருவதும் போவதுமாக இருந்தார். வீடு பகலெல்லாம் பூட்டிக் கிடந்தது. இந்த நேரத்தில்தான் அந்தக் காரியம் நடந்தது. அதைச் செய்தவர்கள் இந்த மலரைப் படிப்பார்கள். அவர்கள் மனம் நோக வேண்டாம், அக்கா ஒருநாளும் அவர்களைக் குறை சொல்லவில்லை.

பிலோமினா மாமியும் கீழ்வீட்டுக்காரர்களும் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் கூடி, மிஸ்ஸிக்கு ஒத்தாசை செய்வோம் என்று சிரமதானம் வைத்தார்கள். எல்லோரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்து ஆட்களுக்கு நல்ல மலை என்றால் களையில்லாத மலை, ஒரு புல் தெரிந்தால் கங்காணிக்குப் பேச்சு விழும். கத்தியும் களைச் சுரண்டியுமாக ஏறி, பூத்து நின்ற அந்தச் சரிவைக் கோயில் முற்றம்போல் வழித்துத் துடைத்துவிட்டார்கள். வெட்டிவேர் மட்டும் வரிசையாக நட்டது என்பதால் தப்பியது. அக்கா வீடு திரும்பிய அன்று மாமி வாசலில் சிரித்த முகத்தோடு நின்றார்.

"வாங்க மிஸ்ஸி. மலைய வந்து பாருங்க. அம்புட்டுக் காடும் போயிருச்சு."

அக்கா பார்த்தார். "நல்லா சுத்தமா செஞ்சிருக்கீங்க" என்றார். எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார், பிஸ்கட் எடுத்து வைக்கச் சொன்னார். அவர்கள் போனபிறகு அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். அம்மாவுக்காக அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது இதைத்தான்.

அந்த வருடம் விதை இல்லை. ஐப்பசி மழையில் சரிவின் மேல்பாதி மறுபடி இறங்கியது. வெட்டிவேர் வரிசை பாதியைத் தடுத்தது. மிச்சம் எங்கள் வீட்டை விலகிப் போய் மாமி சமைக்கும் குசினியின் சுவரில் சாய்ந்து நின்றது. மாமி வெளியே வந்து சரிவை அண்ணாந்து பார்த்தார். எந்தச் செடி எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அப்போது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

அக்கா மறுபடி தொடங்கினார். இந்தமுறை அவரால் ஏற முடியவில்லை. கீழ்ப்பாதியில் கைக்கு எட்டும் இடங்களில் மட்டும் நட்டார். வேரில் உயிர் இருந்தவை துளிர்த்தன, கொஞ்சம் விதை திகனவில் இருக்கும் அவருடைய பழைய தோழி நஸீரா மிஸ்ஸியிடமிருந்து வந்தது. மேல்பாதி மொட்டையாகவே கிடந்தது. அங்கே ஏறி நடுவதற்குச் சரிவு இடம் கொடுக்காது, கை கையாக விதையை வீசினால்தான் உண்டு. அவ்வளவு விதைக்குக் கீழ்ப்பாதியின் ஒரு முழு ஆவணி வேண்டும். ஒரு பூ விடாமல் காயாக வேண்டும். அதற்குள் வைத்தியர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, நோய் திரும்பியிருக்கிறது என்றார். தனியாகக் கூப்பிட்டது வீண். அக்கா கதவுக்கு வெளியே நின்று என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். முகம் பார்த்துச் சொல்கிற தொழிலில் இருந்தவர் அல்லவா.

கடைசி ஆவணியில் சரிவின் கீழ்ப்பாதி பூத்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. மாதாவின் நவநாளுக்குக் கொடியேற்றும் நாட்களும் வந்தன. அந்த வருடம் ஆடியில் பெய்த கடும் மழையில் ஊரில் எல்லோருடைய வீட்டுப் பூக்களும் அழுகிப்போயிருந்தன, மலைச்செடிகள்தான் தாங்கி நின்றன. பிலோமினா மாமி கூடையோடு வந்தார். குசினிச் சுவருக்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வர அவர் கொஞ்சம் தயங்கித்தான் இருந்தார்.

"மிஸ்ஸி, கொடியேத்தத்துக்குப் பூ இல்ல. ஒங்க மலையிலதான் பூத்துக் கெடக்கு."

"தரமாட்டேன், பிலோ."

"மாதாவுக்குத்தான் கேக்குறேன். எனக்கா கேக்குறேன்?"

"அவளும் ஒரு புள்ளையச் சொமந்தவதான. மாசமா இருக்கிறத வெட்டிக்கிட்டு வான்னு கேக்கமாட்டா."

மாமியின் முகம் சிவந்தது. "நாங்க அன்னிக்கு வெட்டினதுக்குத்தான இப்பிடிப் பேசுறீங்க?"

"அதுக்கில்ல பிலோ." அக்கா கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எனக்கு அடுத்த ஆவணி இல்ல. டாக்டர் சொல்லிட்டாரு. இது காயாகி, வெதையாகி, மேல அந்த மொட்ட எடம் மூடணும். நான் பாக்காட்டியும் பரவால்ல. ஒங்க குசினி அதுக்கு நேர் கீழதான இருக்கு."

மாமிக்கு நோய் திரும்பிய விடயம் அதுவரை தெரியாது. கூடையைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் நெடுநேரம் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டு போனேன், இரண்டு கோப்பையும் ஆறிப்போயின.

மறுநாள் பங்குத் தந்தை வந்தார். பூவில்லாத மாதா திருநாளை அவரும் பார்த்ததில்லை, மிஸ்ஸியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று வந்திருப்பார். அவர் தொடங்குவதற்கு முன்பே மாமி குறுக்கிட்டார்.

"ஃபாதர், பூவத்தான மாதாகிட்டக் கொண்டுபோகக் கூடாது. மாதாவ இங்க கொண்டு வரலாம்ல?"

தந்தை பாதையைத் திரும்பிப் பார்த்தார். "பாதை சறுக்குமே" என்றார். அதற்குப் பிறகு அவர் வேறொன்றும் சொல்லாததால் அதுவே சம்மதம் என்று மாமி எடுத்துக்கொண்டார்.

திருநாள் அன்று, வெயில் சாயும் நேரத்தில், மாதாவின் சுரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு சனம் எங்கள் பாதையில் ஏறி வந்தது. பாட்டுச் சத்தம் முதலில் வந்தது, பனிக்குள்ளிருந்து மெழுகுதிரிகள் பிறகு வந்தன. சுரூபத்தில் ஒரு பூ இல்லை, நீலச் சேலை மட்டும். சரிவுக்கு எதிரே ஒரு மேசையில் இறக்கி, மாதாவின் முகம் பூக்களைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள். அப்போது பார்த்து எங்கிருந்தோ ஒரு கருவண்டு வந்து, மாதாவின் மணிமுடியைச் சுற்றிவிட்டு, பிடித்த பூ இல்லை என்பதுபோல் சரிவுக்கே திரும்பிப் போனது. பாடிக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பு. மாலை வெளிச்சத்தில் ஊதாவும் மஞ்சளும் வெள்ளையும் பனியில் கரைந்து, மலை தரையை விட்டுக் கொஞ்சம் மேலே எழும்பி நிற்பதுபோல் இருந்தது. எனக்கு அன்று நடந்ததெல்லாம் பாதி கனவாகத்தான் நினைவிருக்கிறது.

போர்வைக்குள் கதிரையில் இருந்த அக்கா ஜெபத்தின் நடுவில் தூங்கிவிட்டார். எழுப்பினேன்.

"நான் பொறக்க வச்ச புள்ளைங்க எல்லாம் வந்திருந்துச்சுங்க தங்கச்சி" என்றார். "சரிவுல ஏறி நின்னுச்சுங்க. ஒன்னுகூட சறுக்கல."

அதற்குச் சில நாட்கள் கழித்து, ஒரு காலையில், வெயில் சரிவில் பாதி இறங்கியிருந்தபோது அக்கா போய்விட்டார். ஜன்னல் திறந்திருந்தது. வலியில்லாமல் போனார் என்று நான் சொல்லமாட்டேன், வலி இருந்தது. ஆனால் பயம் இல்லை. என் கையைத்தான் பிடித்திருந்தார்.

ஹட்டனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் உறவுகள் வந்து சேர்ந்தன. கடையில் வாங்கிய மலர்வளையம் வேண்டாம் என்று அக்கா முன்பே சொல்லி வைத்திருந்தார். அதுவும் எங்கேயோ வெட்டிய பூதானே என்பது அவர் வாதம். ஆனால் பெட்டிக்குள் ஒரு கைப்பூவாவது போடாமல் எப்படி அனுப்புவது? எங்கள் சித்தப்பா மகன் நல்ல மனதோடு, ஒரு கத்தியையும் பையையும் எடுத்துக்கொண்டு பின்வாசலால் சரிவுக்குப் போனார். மிஸ்ஸி வளர்த்த பூ மிஸ்ஸிக்கே போகட்டும் என்று கூடவே சிலர் கிளம்பினார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு எழுந்து போய்த் தடுக்கவும் தெம்பில்லை, உள்ளுக்குள் எனக்கும் அந்த ஆசை இருந்தது. அந்த வெள்ளை மல்லிகை அக்காவின் கைகளில் எவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைத்தேன்.

பாதையின் குறுக்கே பிலோமினா மாமி நின்றிருந்தார். கறுப்புச் சேலை, அழுது வீங்கிய முகம்.

"கத்திய உள்ள வைங்க, தம்பி. இது மிஸ்ஸி கையில இருக்கிற கேஸு. இன்னும் முடியல. நடுவுல யாரும் தொடக்கூடாது."

அவர் குரல் உயரவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சு புரியும். பிரசவம் நடக்கும் காம்பராவுக்கு வெளியே அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ ஆண்கள் பின்வாங்கி நின்றிருக்கிறார்கள். சித்தப்பா மகனும் கத்தியை மடித்துக்கொண்டு திரும்பி வந்தார். ஒவ்வொருவரும் பெட்டிக்கு அருகே வந்து, பூவுக்குப் பதிலாக அக்காவின் கையின்மேல் தங்கள் கையை ஒரு கணம் வைத்துவிட்டுப் போனார்கள். வெளியே சரிவில் தேனீக்களின் அந்த முணுமுணுப்பு நிற்கவே இல்லை.

புரட்டாதி முடிவில் கிலுகிலுப்பைக் காய்கள் காய்ந்து, காற்றில் உள்ளே விதைகள் மணிபோல் குலுங்கின. நானும் என் வீட்டுக்காரரும் மாமியும், அன்று சுரண்டியோடு ஏறிய அதே கீழ்வீட்டுக்காரர்களும் சேர்ந்து பறித்தோம், உலர்த்தினோம், மண்ணோடு பிசைந்து மேலே மொட்டை இடத்தில் வீசினோம். ஐப்பசி மழை பயமுறுத்திக்கொண்டே வந்தது. கனத்த மழை பெய்யும் பகல்களில் மாமி எங்கள் வீட்டுக்கு வந்து, பின்வாசலில் நின்று சரிவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஓரத்தில் கொஞ்சம் மண் இறங்கியது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். மற்றதெல்லாம் நின்றது. பிறகு ஒருநாள் சிவப்பு மண்ணில் பச்சை புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மாமிதான் முதலில் கண்டார். கண்டவர் என்னைக் கூப்பிடாமல், "மிஸ்ஸி" என்று அக்காவைக் கூப்பிட்டார்.

அக்காவுக்குச் சிகிச்சை செய்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அறைக்கே நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், விதை தந்த நஸீரா மிஸ்ஸிக்கும், இரவு பகல் பாராமல் துணை நின்ற பிலோமினா மாமிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் ஜெபித்தவர்களுக்கும் நன்றி. அக்காவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் தொடர்ந்து மன்றாடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இந்த ஆவணியில் சரிவின் மேல்பாதி முதல்முறையாகப் பூத்திருக்கிறது. அக்கா பார்க்காத பூக்கள். அவருடைய அடக்கத்தன்று கீழ்ப்பாதியில் யாரும் பறிக்காமல் விட்டவற்றின் பிள்ளைகள். ஆகவே கடைசியாக, அன்று எங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து, வெறுங்கையோடு அக்காவை வழியனுப்பிய உங்கள் எல்லோருக்கும் நன்றி.

அன்புத் தங்கை